தம்பிராசா வைக்காத கையெழுத்து

"அவர் வரட்டும், ஐயா. வந்து கையெழுத்து வைப்பார்," என்றாள் பத்மாசினி. அவள் நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

இளையதம்பிக்குப் பொறுமை எல்லை கடந்துவிட்டது. வல்வெட்டித்துறையில் இருந்த அவளுடைய சீதன வீட்டைத் தவணைக் காசுக்கு வாங்கியவர் அவர். கடைசித் தவணைக்குள் புருசன் வந்துவிடுவார் என்று அவள் சொன்னதை நம்பி, முழுவதையும் கட்டி முடித்துவிட்டார். வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வந்தால்தான் மகளுக்குக் கலியாணம். ஆவணிக்கு மேல் காத்திருக்க முடியாதென்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவளைப் பருத்தித்துறைக்கு, உறுதி எழுதும் வக்கீலான பிரக்கிராசியார் பொன்னம்பலத்திடம் கூட்டி வந்திருந்தார்.

"தேசவழமைச் சட்டப்படி புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்காமல் பெண்சாதி தன்ரை சீதன வீட்டை விக்கேலாது," என்றார் பிரக்கிராசியார்.

"புருசன் எங்கை, ஐயா? தம்பிராசா மார்கழிப் புயலோடை போனவன். தோணிப் பலகை கரையொதுங்கினதை ஊரே பாத்தது. இவதான் ஒத்துக்கொள்ளுறா இல்லை."

ஊரும் அப்படித்தான் கதைத்தது. கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், பெண்சாதி கரைக்கு வருகிற ஒவ்வொரு தோணிக்காரனையும் மறித்து விசாரிப்பாள். பத்மாசினி ஒருநாளும் கரைப்பக்கம் போனதில்லை. 'மனசுக்குத் தெரியும், வாய்தான் சொல்லுதில்லை' என்று பெண்கள் பரிதாபப்பட்டார்கள்.

பிரக்கிராசியார் குரலைத் தணித்தார். "ஏழு வருசம் தாண்டிப்போச்சு, பிள்ளை. அவரைப்பற்றி ஒரு சேதியும் வரேல்லை எண்டு கோட்டிலை சத்தியம் பண்ணும். செத்ததாய்த் தீர்ப்பு எடுக்கலாம். பிறகு உம்மடை கையெழுத்து மட்டும் காணும்."

"தங்கச்சி, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை உம்மடை கையிலை." இளையதம்பி கைகூப்பினார். "பொட்டை அழிக்கிறது லேசில்லை, எனக்கு விளங்குது. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

பத்மாசினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாவம், எத்தனை வருடத்து அழுகையோ!

கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொய்ச்சத்தியம் வேண்டாம், அண்ணை. நாகப்பட்டினத்துக்கு ஆள் அனுப்புங்கோ, அங்கை வேறை பெண்சாதி பிள்ளையளோடை இருக்கிறார்."