கூடுதலாக ஒரு தாள்

அப்பா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். மகள் எதிரே நின்றிருந்தாள்.

"இது யாரோட தாள்?"

ஊருக்கெல்லாம் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அவர். மகளின் கணக்கும் அவர் மேஜைக்குத்தான் வரும். தன் கல்விக் கடன் வட்டிச் சான்றிதழை மட்டும் கொடுத்திருக்க வேண்டியவள், ஆபீஸ் பிரிண்டரில் கூடவே வந்த இன்னொன்றையும் புத்திகெட்டுப்போய்ப் பின் அடித்துக் கொடுத்துவிட்டாள். அதில் ஓர் ஆணின் பெயர் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா இதே மேஜை முன் நின்று இப்படியொரு பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அக்காவின் பேச்சே கிடையாது.

"கூட வேலை பாக்கறவருப்பா. தெரியாம சேந்துடுச்சு."

"வட்டி உன் அக்கவுண்ட்லேர்ந்து போயிருக்கே? எட்டு மாசமா?"

போச்சு.

"கஷ்டம்னாரு... கைமாத்தா..."

"கூட வேலை பாக்கறவனுக்கெல்லாம் வட்டி கட்டினா வரியில கழிவு கிடையாது. தன் கடன், புருஷன் பொண்டாட்டி கடன், பிள்ளைங்க கடன். அவ்வளவுதான்."

"அப்போ கிழிச்சுப் போட்டுடுங்கப்பா."

கையை நீட்டினாள். அவர் தரவில்லை. நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ஜாமீன் போட்டவராக அவள் பெயரும், பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டமும் இருந்தன. பொடி எழுத்தை விட்டுவைக்கிற ஆளா அவர்? பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பேனா சரசரவென்று எழுதும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அக்காவை வெளியே போகச் சொன்ன அன்றும் இப்படித்தான் எழுந்தார்.

"கழிவு போட்டாச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"அக்கா நம்பர் உன்கிட்ட இருக்கா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "இருக்குப்பா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. மாப்பிள்ளைங்க ரெண்டு பேரையும்."