கட்டை தொங்கிய இடம்

மிதக்காமல் இருக்க மூன்று வாரம் ஊறவைத்த மரக்கட்டையைத் தூண்டில் நரம்பில் கட்டி, மீன் தொட்டியின் மேல்கம்பியிலிருந்து தொங்கவிட்டார் வண்ணமீன் கடைக்காரர். கூடத்தின் நடுவே சுவர் மாதிரி நின்ற பெரிய தொட்டி அது.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க" என்றார் நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர்.

இறக்கினார்.

"இடது பக்கம் தள்ளுங்க."

"ஓரமா தொங்கினாத்தான் சார் அழகு. நடுவுல வந்தா மீனே தெரியாது."

"தெரியலன்னா பரவாயில்ல."

தோள்வரை நனைந்த கையோடு கடைக்காரர் தள்ளினார். வீட்டுக்காரர் சாய்ந்து பார்த்து, குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"எனக்கு இன்னும் அவர் மூக்கு தெரியுது. வலது பக்கம் தள்ளுங்க" என்று தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து அண்ணனும் அந்தப் பக்கத்துத் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது.

கடைக்காரர் கட்டையைப் பிடித்தபடி விழித்தார்.

"உனக்கு வலதா, எனக்கு வலதாடா?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சொன்னாப் புரியாது. இங்க வந்து பாருங்கண்ணே."