முதலாளியம்மா எடுத்த குட்டி

"பத்து மாசக் கைப்புள்ளைய விட்டுட்டு நாய்க்குட்டி பாக்க நான் வரணுமாம்ல! நல்லா இருக்கு நாயம்."

அழகுமீனா மனசுக்குள்ளதான் சொன்னா. வாயத் தொறந்து சொல்ல முடியுமா? அவ சோறாக்குறதே அந்த வீட்டுலதான.

நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வச்சிருந்த வெள்ளைத்துரை முதலாளியோட சம்சாரம்தான் முத்துப்பேச்சியம்மா. ரெண்டாயிரத்து அஞ்சாம் வருசம், சீசன் சூடு பிடிக்கிற நேரம். அந்தம்மாவுக்கு நாய் ஆசை வந்துருச்சு. டாடா சுமோல ஏறி உக்காந்துட்டாக. "ஏறுடி"ன்னா ஏற வேண்டியதுதான.

அழகுமீனா வயித்தெரிச்சலு வேற. கம்பெனிக்குப் பின்னால பொட்டல்ல தெனம் சாயங்காலம் சாம்பிள் வெடி போட்டுப் பாப்பாக. அதை ஒட்டித்தான் வேலையாளுக குடியிருக்க லைன் வீடு, அதுக்கடுத்து முதலாளி வீடு. ஒவ்வொரு வெடிக்கும் அவ புள்ளை கையக் கால ஒதறி, மூச்ச இழுத்து, ஒதடு நீலம் பாரிச்சிரும். "சத்தம் ஆகாது தாயி, பாத்துக்க"ன்னுட்டாரு டாக்டரு. எங்கிட்டுப் போயிப் பாத்துக்க?

பொம்பளைக எல்லாம் சேந்து ரெண்டு மனு குடுத்தாக. முதலாளி படிச்சிட்டுச் சிரிச்சாரு.

"பட்டாசு ஊருல பொறந்துட்டு சத்தத்துக்குப் பயந்தா எப்படி? பழகிரும், போங்க."

அழகுமீனா விடுறதா இல்ல. மூணாவது மனுவும் எழுதிட்டா.

விருதுநகர்ல ரயிலடிக்குப் பக்கத்துல ராக்கப்பன் வீடு. ரயில்வேல கொடி காட்டி ரிட்டயர் ஆன மனுசன், நாய் வளக்குறாரு. இவரு நாய்த் தொல்லை தாங்காம பொஞ்சாதி சாத்தூருக்குப் பெட்டியக் கட்டுனதும், வழியனுப்ப நாலு நாயும் ஸ்டேசனுக்குப் போனதும், அந்தம்மா அதுல ஒண்ணத் தூக்கிக்கிட்டே ரயிலேறுனதும் பெரிய கதை. அது கெடக்கட்டும்.

கேள்வி கேக்காம ராக்கப்பன் குட்டியத் தர மாட்டாரு.

"பகல்ல வீட்டுல ஆளு இருப்பாகளா?"

"நான் இருப்பேன். அவுக சாயங்காலம் வந்துருவாக"ன்னாக முத்துப்பேச்சியம்மா.

"சின்னப் புள்ளைக?"

"எங்க வீட்டுல இல்ல."

"சத்தம்?"

"சாயங்காலமானா வெடிதான்."

"அப்ப யோசிக்கவே வேண்டாம்மா. இந்தா பாருங்க, குட்டைக்காலு, நீள ஒடம்பு. டேஷண்டு சாதி நாயி. இடி விழுந்தாலும் கொட்டாவி விடும்."

சொல்லிட்டு ஒரு எவர்சில்வர் தட்டத் தரையில 'ணங்'குனு போட்டாரு. குட்டைக்காலு நெசமாவே கொட்டாவி விட்டுச்சு. பக்கத்துல நின்ன வெள்ளைப் பொமரேனியன் குட்டி கட்டிலுக்கடியில பாஞ்சு, வெடவெடன்னு நடுங்கி, ஒண்ணுக்கே போயிருச்சு.

"அதத் தாங்க"ன்னாக முத்துப்பேச்சியம்மா.

"ஒங்க ஊருக்கு அது ஒத்து வராதும்மா. சோறு தண்ணி எறங்காமக் கெடக்கும்."

"வெள்ளையா, பொசுபொசுன்னு அம்சமா இருக்குல்ல? எனக்கு அதான் வேணும்."

அழகுக்காக ஒரு சீவனப் போட்டு வதைக்கணுமான்னு அழகுமீனாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்த வாரம் பூராம் மழை. சாம்பிள் வெடி இல்ல. முதலாளி மடியில குட்டி ஏறிருச்சு. கம்பெனில அவரு "ஏலே"ன்னு ஒரு அதட்டு போட்டா லோடு லாரியே நிக்கும். அந்த மனுசன், "எந்தாயில்ல, ஒரே ஒரு வாய்"னு இட்டிலியப் பிச்சு வச்சுக்கிட்டுக் கெஞ்சுனாரு.

மழை விட்டுச்சு. வெடி போட்டாக.

குட்டி பீரோவுக்கு அடியில போனதுதான். மூணு நாளாப் பச்சத் தண்ணி படல. மாட்டு டாக்டரு வந்து, "சத்தம் ஆகாது முதலாளி"ன்னாரு. முதலாளி கண்ணு கலங்கிப் போச்சு.

மறுநாளே உத்தரவு.

"ஏலே, இனிமே சாம்பிள் எல்லாம் ஆமத்தூர்க் காட்டுல போயிப் போடுங்க. இங்கன ஒரு ஊசி வெடி கேட்டுச்சு, தொலைச்சுப்புடுவேன்!"

அந்தக் காடு அவரு அப்பாரு கொய்யா வச்சுக் கருகவிட்ட காடு. பல வருசமாச் சும்மாதான் கெடந்துச்சு.

லைன் வீட்டுப் பொம்பளைகளுக்குச் சந்தோசந்தான். ஆனா மானமும் சுட்டுச்சு.

"நாயாப் பொறந்திருந்தா மனுவே வேண்டாம் போலருக்குடி!"

அழகுமீனா நேரா முதலாளியம்மா முன்னால போயி நின்னா.

"நாளையில இருந்து நான் வரலம்மா."

"ஏன்?"

"எம்புள்ளைக்கு மூச்சு நின்னப்பக் கேக்காத காது, நாய் நடுங்குனா கேக்குது. இந்த வீட்டுல சோறாக்க எனக்கு மனசு வரல. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

முத்துப்பேச்சியம்மா குட்டிய மடியில இருந்து எறக்காமலே சொன்னாக.

"ஒங்க மொத மனுவுக்கு முந்தியே அவுககிட்டச் சொல்லிட்டேன். நாலு நாளு சாப்பிடாமக்கூடக் கெடந்தேன். 'நீயும் பழகிக்கோ'ன்னுட்டாக."

அழகுமீனா அப்படியே கீழ உக்காந்துட்டா.

"புள்ளை இப்ப தூங்குதா?"

"தூங்குதும்மா..."

குட்டி தலையத் தடவிக்கிட்டே அந்தம்மா சொன்னாக:

"பாவம், இதுக்குத்தான் மூணு நாளு பாடு. விருதுநகருக்கு முந்தி இன்னும் மூணு ஊருல தேடுனேன்டி. அங்க இருந்த அம்புட்டும் தைரியமான குட்டியாப் போச்சு!"