வருவது நான்தான்

சூட்கேஸிலிருந்த இரண்டு ஷோர்ட்ஸையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள் சிவநந்தினி. "ரியாத்ல வெயில் நாப்பத்தஞ்சு டிகிரியாம். அதுக்காக இதைப் போட்டுக்கிட்டு ஆளுங்களைப் பார்க்கப் போக முடியாதுங்க. முழுக்கை சட்டையா நாலு வச்சிருக்கேன்."

"நாலு நாளைக்கு நாலு சட்டை. சரி," என்றான் அவள் கணவன் பிரதீபன்.

பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. விசா, டிக்கெட் எல்லாம் இனித்தான். ஆனால் மகனின் முதல் வெளிநாட்டுப் பயணம் என்று அப்பா அழகுமுத்து இப்போதே பெட்டி அடுக்கச் சொல்லிவிட்டார். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையிலுள்ள, மிளகும் பட்டையும் விற்கும் அவர்களுடைய வாசனைத் திரவியக் கடைக்கு முதன்முதலாக ஒரு வெளிநாட்டு ஓடர் கிடைக்கப் போகிறது. நேரில் போய்ப் பேசி முடிப்பதுதான் பாக்கி.

ரியாத்தில் நாஸர் என்று ஒரு வியாபாரி. எட்டு மாதமாக மெயிலில் கேள்வி மேல் கேள்வி. அத்தனைக்கும் பிரதீபன் பெயரில் பதில் எழுதியவள் சிவநந்தினி. பொம்பளைப் பெயரைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள் என்று மாமனார் முதல் நாளே சொல்லியிருந்தார். நாஸரும் எல்லாவற்றையும் எழுதித்தான் கேட்பார்; ஒரு நாளும் போன் பண்ணியதில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"சாம்பிள் பெட்டியும் கட்டிட்டேன்," என்று பிரதீபன் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். அவள் திறந்து பார்த்தாள். மிளகு, கறுவாப்பட்டை, கராம்பு. அடியில் ஒரு பை நிறையச் சாதிக்காய்.

"இதை யாரு வைக்கச் சொன்னா?"

"நல்ல காய்தானே? காட்டினா அதுக்கும் ஓடர் குடுப்பாங்க."

"ஐயோ! சவூதிக்குள்ள சாதிக்காய் கொண்டு போகவே கூடாதுங்க. போதை தரும்னு தடை. எயார்போர்ட்லயே பிடிச்சு உட்கார வச்சிருப்பாங்க."

பிரதீபனுக்கு முகம் வெளுத்துவிட்டது. லொறியைக் கழற்றிப் பூட்டச் சொன்னால் பூட்டுவான். மிளகைப் பற்றிக் கேட்டால் கறுப்பாக இருக்கும் என்பான். "எனக்கு இதெல்லாம் எங்க தெரியும் நந்தினி? நீ எழுதின மெயில் ஒன்னையாவது நான் முழுசா வாசிச்சிருக்கேனா? அந்த ஆளு முன்னால உட்கார்ந்து என்னத்தைப் பேசப் போறேன்?"

சிவநந்தினி நான்கு சட்டைகளையும் சூட்கேஸிலிருந்து எடுத்து அலுமாரியில் திரும்ப வைத்தாள். "நீங்க பேச வேணாம். நான் போறேன்."

"என்ன பேச்சு இது?" வாசலில் அழகுமுத்து. "பொம்பளையை எதிர்ல உட்கார வச்சு வியாபாரம் பேசுற ஊரா அது? உன் பேரைக் கேட்டதுமே ஓடர் போயிரும்."

"போனா போகட்டும் மாமா."

"போகட்டுமா? யட்டவத்தயில பன்னெண்டு குடும்பம் இதை நம்பி மிளகைக் காய வச்சிருக்கு!"

"அந்தப் பன்னெண்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி, முத்தினதை மட்டும் பறிங்க, வெறுந்தரையில காய வைக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தது யாரு? நீங்களா, இவரா?" அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்ததில்லை. "தெரியாதவரு போயி ஓடர் கெடுறதுக்கு, தெரிஞ்சவ போயிக் கெடட்டும்."

அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து போனில் மெயில் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியதை மாமனாருக்குத் தமிழில் வாசித்தும் காட்டினாள்.

"எட்டு மாதமாகப் பிரதீபன் பெயரில் உங்களுக்கு எழுதியது நான். அவர் என் கணவர். என் பெயர் சிவநந்தினி. இந்த மாதக் கடைசியில் வருவது நான்தான். பெண்ணோடு பேசச் சம்மதமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மிளகை வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள்கிறேன்." கீழே தன் போன் நம்பர்.

"கடைசி வரியை மட்டுமாவது எடுத்துரும்மா," என்று அழகுமுத்து கெஞ்சினார். அதற்குள் அனுப்பிவிட்டாள்.

அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. எதற்கும் உடனே எழுதுகிற ஆள் நாஸர். அழகுமுத்து மருமகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

சிவநந்தினி மாத்தளை டவுனுக்குப் போய் தெரிந்தவளான ஸரீனாவின் துணிக்கடையில், சவூதிப் பெண்கள் உடுப்புக்கு மேல் போடும் கறுப்பு அபாயா ஒன்று வாங்கி வந்தாள். "பதிலே வரல, அதுக்குள்ள இது எதுக்கு?" என்றான் பிரதீபன்.

"பதில் வர்றதுக்கு முன்னாடி வாங்கினாத்தான் போறேன்னு எனக்கே நம்பிக்கை வரும்," என்றாள். அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை, கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. சவூதி நம்பர்.

"நீ எடுக்காத," என்று பாய்ந்து வந்தார் அழகுமுத்து. "பிரதீபன் பேசட்டும். யாரோ விளையாட்டா எழுதிட்டாங்கன்னு சொல்லிச் சமாளிப்பான்."

அவள் எடுத்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள்.

"சிவநந்தினியா?" நிதானமான ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். "உங்க மெயில் கிடைச்சது. மூணு தரம் வாசிச்சேன்."

நாஸரின் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்கும். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஆள் வைத்திருக்கிறாரா? சிவநந்தினிக்குச் சுறுக்கென்றது. தராசுத் தட்டை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"மாட்டேன்னு சொல்றதா இருந்தா அவரே என்கிட்ட சொல்லட்டும் மேடம். நாஸர்கிட்ட போனைக் குடுங்க."

அழகுமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அந்தக் குரல் சிரித்தது.

"நாஸர் என் தம்பி, மெயில் எழுதுறது நான்தான்."