பிந்திய நீலக் கோடு

"மத்தியானம் ஆச்சுன்னா அலெக்ஸ் அண்ணன் வந்து ஸ்க்ரீன்ல கோட்டை நகத்திடுறாருக்கா. அந்த டேபிள் வேணாம்" என்றான் பக்கத்து மேஜை கிஷோர்.

பெனிஷா அங்கேயே உட்கார்ந்தாள். அம்பத்தூரில் மின்சார வண்டிக்கு சார்ஜர் செய்யும் அந்தக் கம்பெனியில், போன வருஷம் இதே மேஜையில் சார்ஜர் வெடித்து இறந்த அலெக்ஸ் அவளுடைய அண்ணன்.

மின்சாரத்தின் போக்கைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பைச் சரிபார்க்காமல் கரண்ட் கொடுத்த சோம்பேறி என்று ஊரே சொன்னது. அம்மா சாராளும் நம்பிவிட்டாள். பெனிஷாவால் மட்டும் நம்ப முடியவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான்.

ஸ்கோப்பின் அளவெடுக்கும் முனைகளான இரண்டு ப்ரோப்களையும் ஒரே புள்ளியில் மாட்டினாள். திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும். நீலக் கோடு சற்றுப் பிந்தியது.

சார்ஜருக்குள் ஒரு சுவிட்ச் ஆஃப் ஆன பிறகே அடுத்தது ஆன் ஆகவேண்டும். இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும். கோடு பிந்தினால், இல்லாத இடைவெளியை ஸ்கோப் இருப்பதாகக் காட்டிவிடும்.

பிந்திய அளவை ஸ்கோப்பில் திருத்தி ஈடுகட்டினாள். கோடுகள் ஒன்றாயின. நீல ப்ரோப்பின் கேபிள் எட்டியும் எட்டாமலும் விறைப்பாக நின்றது.

சாப்பிட்டு வந்தவள், கரண்ட் கொடுக்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி பார்த்தாள். நீலக் கோடு விலகியிருந்தது.

அறையில் யாருமில்லை. தொய்ந்து கிடந்த கேபிளைத் தொடவே பயமாக இருந்தது.

"அண்ணா, நீயா?" என்றாள் மெதுவாக. "என்கிட்ட எதுனா சொல்லணுமா?"

கதவு திறந்தது. முதலாளி சம்பந்தம் கையில் சுருட்டிய கேபிளோடு வந்தார்.

"இன்னாம்மா, பேயடிச்ச மாரி கீற?"

"காலைல சரி பண்ணேன் சார். இப்ப கோடு நகந்துருக்கு."

"நான்தாம்மா ப்ரோப்பை மாத்திவெச்சேன். உள்ள கஸ்டமருக்குக் காட்ட இத எடுத்துக்கினு போனேன். பழைய நீளக் கேபிள் ஒண்ணு கீது, அத மாட்டிவுட்டேன். எல்லாம் ஒண்ணுதானே?"

கேபிள் நீண்டால் கோடு பிந்தும். பெனிஷா தொய்ந்து கிடந்த கேபிளைக் கையில் எடுத்தாள். "எப்பவும் இப்டித்தான் எடுப்பீங்களா சார்?"

"சாப்பாட்டு நேரத்துல கஸ்டமர் வந்தா எடுப்பேன்."

சம்பந்தம் கேபிளை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சார்ஜர் வெடிச்ச அன்னிக்குக் கூட எடுத்தேன். அலெக்ஸ் ஒண்ணும் சொல்லலையே."