சாக்பீஸ் தடவிய விளிம்பு

நான்காவது சனிக்கிழமையும் டயர் கடை வாசலில் டர்போ வந்து நின்றார்.

டர்போ என்பது அவருடைய காருக்காகத் தெரு வைத்த பெயர். தெரு என்றால் நான்தான்.

நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஜன்னலை அந்தப் பக்கம் வைத்துக் கட்டிவிட்டார்கள், நான் என்ன செய்ய?

நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார் மனிதர். கார் மட்டும் புலி மாதிரி உறுமும். அதில் அவர் போவது ஆபீசுக்கு, பதினொரு நிமிஷம். வருவதற்கும் பதினொரு நிமிஷம்.

வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. அவருடைய தலையைத் தவிர இன்னொரு தலையை அந்தக் காருக்குள் நான் பார்த்ததில்லை. நான் பார்க்கவில்லை என்றால் ஏறவில்லை என்று அர்த்தம்.

இப்போது அவருக்குப் பத்தொன்பது அங்குல அலாய் வீல் வேண்டுமாம், அகல டயரோடு.

அகலத்தில்தான் வம்பு. டயர் ஒரு விரல்கடை வெளியே பிதுங்கும். தனியாகப் போகிறவரைக்கும் தொல்லை இல்லை. பின்சீட்டில் ஆள் ஏறி வேகத்தடையில் இறங்கினால், பாடி அமுங்கி மட்கார்டு விளிம்பு டயரைச் சீவிவிடும்.

முதல் வாரமே டயர்க்காரர் அதைக் கேட்டார்.

"பின்னாடி ஆள் ஏறுவாங்களா சார்?"

"ஏறுவாங்க. ஃபுல்லா ஏறுவாங்க."

ஜன்னலில் நின்ற எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு டயர்க்காரர் அண்ணாந்து பார்த்தார். "அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, இறங்கி வாங்க. வெயிட்டுக்கு ஒரு ஆள் குறையுது."

அவருடைய சோதனை சுலபமானது. பின் மட்கார்டுகளின் உள்விளிம்பில் சாக்பீஸைத் தடவுவார். பின்சீட்டில் மூன்று பேரை அடைத்து, வேகத்தடை உள்ள தெருவாகப் பார்த்துச் சுற்றி வரச் சொல்வார். திரும்பி வரும்போது சாக்பீஸ் கலைந்திருந்தால் அந்த வீல் அந்தக் காருக்கு ஆகாது.

மற்றவர்கள் தம்பி, மச்சினன், கூட வேலை பார்ப்பவன் என்று ஆள் கூட்டி வருவார்கள். டர்போ கைவீசிக்கொண்டு வந்திருந்தார்.

ஆக, டயர்க்காரரின் மச்சான் ஒருவர். கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறவர் ஒருவர். நடுவில் நான். ஒல்லிக்குச்சி மச்சானை ஒரு ஆள் என்று கணக்கு வைத்தது டயர்க்காரரின் பெருந்தன்மை.

பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவே இல்லை. உட்கார்ந்ததும் நொறுநொறுவென்றது.

டர்போ கண்ணாடியைத் திருப்பினார். ரோடு தெரிகிற மாதிரி அல்ல, எங்கள் மூன்று முகமும் தெரிகிற மாதிரி.

இரண்டு தெரு போதும். அவர் ஒன்பது தெரு சுற்றினார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "பிடிச்சுக்கோங்க" என்றார். மச்சான் சொன்ன அரதப் பழசான ஜோக்குக்கு, மச்சானே நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏசி காற்று வருகிறதா என்று கேட்டார்.

என்னிடம் யாராவது அப்படி ஒன்று கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் சாக்பீஸ் கலைந்திருந்தது. அந்த செட் வேண்டாம் என்றாகிவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை வேறு செட். கலைந்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. மனிதருக்கு எந்த வீலுமே ராசியில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

நான்காவது செட்டை மாட்டும்போது டயர்க்காரர் சூடம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். டயரை ஒரு அளவு குறைத்தாயிற்று, வீல் நன்றாக உள்ளே உட்கார்ந்துவிட்டது, யானையே ஏறினாலும் உரசாது. இன்றோடு முடிந்தது.

இன்றோடு முடிந்தது என்றபோது டர்போ தலையாட்டினார். தெருவிலேயே அழகான வீல் கிடைத்த ஆளின் முகமாக அது இல்லை.

அன்று பதினான்கு தெரு சுற்றினோம். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னக் கீச்சு இல்லை.

கடை வாசலில் இறங்கினோம். டார்ச் எடுக்க டயர்க்காரர் உள்ளே போனார். மச்சான் டீயைத் தேடிப் போனார். டர்போ தன் பக்கத்துப் பின் சக்கரத்தருகே ஒரு நொடி குனிந்தார்.

நிமிர்ந்தபோது அவருடைய கட்டைவிரல் வெள்ளையாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

டயர்க்காரர் வந்து டார்ச் அடித்தார். மறுபடி அடித்தார். "நடக்கவே நடக்காது சார். இருங்க, அந்தப் பக்கத்தையும் பாத்துடறேன்."

முந்தைய வாரங்களில் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்தான். இன்று சத்தியம் செய்துவிட்டாரே, சுற்றி வந்தார்.

டர்போ அசையவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் நின்றிருந்தவன் நான். வழிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

டார்ச் வெளிச்சத்தை டயர்க்காரர் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு பெருமூச்சு விட்டார். "ரெண்டு பக்கமும் உரசியிருக்கு. அடுத்த சனிக்கிழமை வேற செட்டு பாப்போம்."

டர்போ என் பக்கம் திரும்புவதற்குள் மாடிப்படி ஏறிவிட்டேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டும்போதுதான் கவனித்தேன். பாக்கெட் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை.