நான்காம் விதி

"இனிமே நாம இசையைப் பத்தி மட்டும் பேசிக்கலாம், அல்முட்."

"சரி. அதையும் எழுதியே பேசிக்கலாம்."

மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாள் என்ற தேர்தல் சண்டையில், அல்முட்டும் அவள் அண்ணன் வெர்னரும் கடைசியாக நேரில் பேசியது அவ்வளவுதான். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இப்போது ஞாயிறு பிற்பகல். அவள் நடத்தும் செவ்வியல் இசை இணைய மன்றம் மடிக்கணினியில் திறந்திருக்கிறது. அங்கே அரசியல் பேசக்கூடாது என்ற நான்காம் விதியை எழுதியதே அவள்தான். தினமும் ஏதாவதொரு இசைத்தட்டு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று அண்ணன் எழுதுவதும், அவள் அதை மறுப்பதுமாக அவர்கள் உறவு அந்த விதிக்குள்தான் பிழைத்திருக்கிறது. இன்று அவன் எழுதியிருக்கிறான்: 'இசைக்குழுவின் மானியத்தை வெட்டிய கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு இந்த இசைத்தட்டைக் கேட்க என்ன யோக்கியதை?' ஏற்கெனவே அவனுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாவது என்றால் நிரந்தர வெளியேற்றம். கீழே புகார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. டிராம் கடக்கும்போது காபிக் கரண்டி தட்டில் நடுங்குகிறது. அவள் விரல்கள் பிளம் கேக்கைப் பிய்த்துப் பிய்த்துப் பொடியாக்குகின்றன.

"அவனை நீக்கப் போறியா, இல்ல கேக்கைத்தான் ஒழிக்கப் போறியா?" என்கிறான் கணவன் யூர்கன்.

"அண்ணன்னு விட்டா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

நாற்காலியிலிருந்து எழுகிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுகிறாள். பிசுக்கு விரலாலேயே தொலைபேசியில் அண்ணனை அழைக்கிறாள். மறுமுனையில் வயலின்கள் மிக மெதுவாக இழைகின்றன.

"அல்முட்டா?"

"வெர்னர்... வீட்டுக்கு வாயேன். இங்க வந்து என்னைத் திட்டு."